விளக்கு மலையேறிடுச்சா?

எங்கள் சித்தியோடு வெளியூர் கிளம்புவதென்றால் இரண்டு முறை கிளம்ப வேண்டும். முதல் முறை தெருமுனை வரைக்கும். அங்கே வந்ததும் சித்தி நின்றுவிடுவாள். கையிலிருக்கும் பையை என்னிடம் நீட்டி, "பாப்பா, இத புடி, தோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பிப் போவாள். வீட்டில் என் அம்மா இருப்பாள். அதெல்லாம் சித்திக்குக் கணக்கில்லை. நேராகச் சமையலறைக்குள் போய் கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருவாள். கல்யாணமாக இருந்தாலும் சரி, சாவு வீடாக இருந்தாலும் சரி. சித்தப்பா தெருமுனையில் நின்றுகொண்டு, "எங்க வூட்டு ஃபயர் சர்வீஸ் உள்ள போயிருக்குது, வந்துடும்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இப்படிப் பல பஸ்களைத் தவறவிட்டிருக்கிறோம். ஒரு முறைகூட சித்தி அதற்காக வருத்தப்பட்டதில்லை.

"அம்மாதான் மூடிட்டேன்னு சொன்னாங்களே சித்தி" என்று நான் சலித்துக்கொள்வேன்.

"பாத்தேன்னு சொன்னாங்க. தொட்டேன்னு சொல்லலியே."

பார்த்தது வேறு, தொட்டது வேறு. இது சித்தியின் சட்டம். அடுப்பை மூடினாயா என்று கேட்டால், மூடினேன் என்கிற பதில் அவளிடம் செல்லாது. தொட்டேன் என்று சொல்ல வேண்டும். அயர்ன் பாக்ஸ் பிளக்கைப் பிடுங்கியிருந்தாலும் அதைக் கையில் எடுத்து அவளிடம் காட்ட வேண்டும். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் காட்டுவேன். அவளிடம் சண்டை போட்டு ஜெயித்தவர் யாரும் எங்கள் வீட்டில் இல்லை.

இப்படி ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டதுதான் வேடிக்கை. நாங்கள் விற்பதே நெருப்பைத்தான். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி எங்கள் பூஜை சாமான் கடை இருந்தது. கற்பூரம், நெய்விளக்கு, திரி, ஊதுபத்தி. பௌர்ணமி தோறும் மலையைச் சுற்ற வருகிற கூட்டம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. நிலம் இருந்தது, கிணறும் இருந்தது, ஆனால் வீட்டுக்குத் தளம் போட்டது கற்பூரத்தில்தான். கடை சின்னது என்பதால் சரக்கெல்லாம் வீட்டுக்குள் இருந்தது. கூடத்தைத் தாண்டினால் இடது பக்கம் சரக்கு அறை. தரையிலிருந்து உத்தரம் வரைக்கும் அட்டைப்பெட்டிகள், பாக்குமட்டைத் தட்டுக் கட்டுகள், திரி மூட்டைகள். சின்ன வயதிலிருந்தே என் பள்ளிக்கூடச் சட்டையில்கூட கற்பூர வாசனை அடிக்கும். அது நாற்றமா வாசனையா என்று எனக்கு யோசிக்கத் தோன்றியதே இல்லை. சித்திக்குத் தோன்றியது. கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் அந்த அறை வாசலில் நின்று மூக்கை உறிஞ்சிவிட்டு, "இதுக்குப் பக்கத்துலயா படுத்துத் தூங்குறீங்க?" என்று கேட்டாளாம். புதுப்பெண் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான் என்று அம்மா கடைசிவரை சொல்லிக் காட்டுவாள்.

அம்மா அந்த வீட்டின் மூத்த மருமகள். சித்தி இளையவள். சமையலிலோ துணியிலோ பிள்ளைகளை வளர்ப்பதிலோ அவர்களுக்குள் பெரிய தகராறு எதுவும் வந்ததில்லை. வந்ததெல்லாம் ஒரு சொல்லால்தான். எங்கள் பக்கத்தில் விளக்கை அணை என்று சொல்ல மாட்டோம். குளிர வை என்போம். தானாக நின்றுபோன விளக்கை மலையேறிடுச்சு என்போம். நெருப்பே சாமியாக நிற்கிற மலையின் அடிவாரத்தில் குடியிருந்துகொண்டு அணை என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்? சித்திக்கு வரும். செய்யாறு பக்கத்திலிருந்து வந்தவள். அங்கேயும் குளிர வை என்றுதான் சொல்வார்கள் என்று அவளே ஒப்புக்கொண்டாள். ஆனாலும் அவள் அணை என்றுதான் சொல்வாள்.

"நல்ல நாளும் அதுவுமா இன்னா வார்த்த வருது பாரு வாயில" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

"எரியிறத அணைன்னு சொல்லாம வேற எப்பிடிக்கா சொல்றது? குளிர வைன்னா சில பேரு திரிய கம்மி பண்ணிட்டுப் போறாங்க. மலையேத்துன்னா தானா ஏறட்டும்னு வுட்டுட்டுப் போறாங்க. அணைன்னா ஒரே அர்த்தம்தான்."

அம்மா நேரே சாமி அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவாள். அந்த ஒரு சொல்லை வீட்டுக்குள் சொல்லாதே என்று எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தாள். கடைசியில், சொல்லித் தொலை, ஆனால் விளக்கு எரிகிற அறையில் நின்று சொல்லாதே என்ற அளவுக்கு இறங்கி வந்தாள்.

இவ்வளவு பயப்படுகிறவளுக்கு முன்பு எப்போதோ ஏதோ ஒன்று நடந்திருக்க வேண்டும் என்று தெருவில் எல்லோரும் முடிவே கட்டியிருந்தார்கள். பிறந்த வீடு பற்றி எரிந்தது என்றார் ஒருவர். அக்கா புடவையில் தீப்பிடித்தது என்றார் இன்னொருவர். நான் ஒரு நாள் நேராகவே கேட்டேன். சித்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஒண்ணும் எரியல. எங்கம்மா பாத்துக்கிட்டாங்க."

அவ்வளவுதான். ஏதோ பெரிய சோகக்கதை கேட்கப் போகிறோம் என்று உட்கார்ந்திருந்த எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. எதுவும் நடக்காத வீட்டிலிருந்து வந்தவள் என்பதால்தான், எதுவும் நடக்காமல் இருப்பதற்கு யாரோ ஒருவர் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகு காலம் ஆனது.

அவள் செய்த கூத்துகளுக்குக் குறைவில்லை. சரக்கு அறை வாசலில் இரண்டு வாளி நிறைய மணல் வைத்தாள். தெருப்பூனைகளெல்லாம் அதைக் கக்கூஸாக்கிக்கொண்டன. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டினாள். சித்தி வாளிகளுக்குப் பழைய முறத்தை மூடியாகப் போட்டாள், மணலை மாற்றினாள், வாளியை மட்டும் எடுக்கவில்லை. ஒரு முறை அவள் மகளின் பள்ளிக்கூடத்துக்குத் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஆட்கள் வந்து, எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று செய்து காட்டியிருக்கிறார்கள். வாசலில் நின்று முழுவதையும் பார்த்தவள், சாயங்காலம் எங்களையெல்லாம் கொல்லைக்குக் கூப்பிட்டாள். செங்கல் அடுப்பில் பழைய வாணலி. அதில் எண்ணெய். எதற்கென்று நாங்கள் கேட்பதற்குள் அது குப்பென்று பிடித்துக்கொண்டது. அம்மா அலறிக்கொண்டு குடத்துத் தண்ணீரோடு ஓடி வந்தாள்.

"அக்கா, தண்ணி ஊத்தாதீங்க. அப்பிடியே நில்லுங்க" என்று அவளை ஒரு கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ஒரு தாம்பாளத்தை எடுத்து வாணலிமேல் கவிழ்த்தாள். தீ அடங்கிப்போனது. "பாத்தீங்களா? மூடுனா போதும்" என்று பெருமையாக எங்களைப் பார்த்தாள். அம்மா தீயைப் பார்க்கவில்லை. தாம்பாளத்தைப் பார்த்தாள். அது அவள் சீர்வரிசையில் வந்த பித்தளைத் தாம்பாளம். புளி போட்டு, சாம்பல் போட்டு, எலுமிச்சை போட்டுத் தேய்த்தும் அந்தக் கரி முழுதாகப் போகவில்லை. ஒரு வாரம் போல அம்மா அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதுவரைக்கும் இதெல்லாம் எங்களுக்குச் சிரிப்புக்கான விஷயம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு சிரிப்பு நின்றது. இடது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சு குழறும், ஆனால் நினைவு தெளிவாக இருந்தது. சரக்கு அறைக்கு அடுத்த அறையில்தான் அவர் கட்டில். நடுவில் ஒரு சுவர். சித்தி அப்பாவை மாமா என்று கூப்பிடுவாள். அதற்கப்புறம் அவளுக்கு ஒரே கேள்விதான்.

"பத்திக்கிட்டா மாமாவ யாரு தூக்குறது?"

அப்பா நல்ல கனம். சித்தப்பா எப்போதும் கடையில். நான் டவுனில் ஒரு பள்ளியில் டீச்சர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பகலில் வீட்டில் இருப்பது அம்மாவும் சித்தியும் மட்டும்தான். ஒன்று, சரக்கைக் கொல்லையில் சும்மா கிடக்கிற மாட்டுக் கொட்டகைக்கு மாற்றுங்கள், அல்லது மாமாவின் கட்டிலை வாசலுக்குப் பக்கத்தில் கூடத்துக்குக் கொண்டுவாருங்கள் என்றாள் சித்தி. அம்மா இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. சரக்கு வீட்டை விட்டு வெளியே போனால் லட்சுமி போவதாக அர்த்தம். கட்டிலைக் கூடத்தில் போட்டால் வருகிறவன் போகிறவனெல்லாம் அவரை இந்தக் கோலத்தில் பார்ப்பான். ஊரில் நாலு பேருக்கு நியாயம் சொன்ன மனுஷன். இரண்டாவதைச் சொல்லும்போது அம்மாவின் குரல் உடைந்துவிட்டது. சித்தி அதற்கு மேல் பேசவில்லை.

பேசாமல் இருந்தாளே தவிரச் சும்மா இருக்கவில்லை. ஒரு வாரம் கழித்து வெல்டிங் பட்டறை ஆள் ஒருவர் வந்தார். அப்பாவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அந்த இரும்புக் கட்டிலின் நாலு காலிலும் சக்கரம் பொருத்திவிட்டுப் போனார். தள்ளுவண்டிக்குப் போடுகிற சக்கரம். சித்தப்பா அதைப் பார்த்து, "அண்ணனுக்குத் தேரு ரெடி" என்றார். அப்பாவே வாய் கோணலாகச் சிரித்தார். தேர் ஓடியது, ஆனால் வாசல் நிலைப்படியில் தடுக்கி நின்றது. படியின் இரண்டு பக்கமும் சிமெண்ட் பூசிச் சரிவாக்கிவிடலாம் என்றாள் சித்தி. நிலைப்படியின்மேல் சிமெண்ட் பூசுவதா என்று அம்மா மறுபடி பிடித்துக்கொண்டாள். மஞ்சள் பூசிக் கும்பிடுகிற படி அது. கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்தே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இரண்டு பக்கமும் சரிவாக இறங்குகிற மாதிரி ஆசாரியிடம் சொல்லி ஒரு பலகை செய்து, அதை வாசல் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார்கள். வேண்டும்போது படியின்மேல் போட்டுக்கொள்ளலாம். வாரத்தில் ஒரு நாள் சித்தி அப்பாவைக் கட்டிலோடு வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவருவாள். அம்மா அதை வெயில் காட்டுவது என்றாள். சித்தி ஒத்திகை என்றாள்.

அந்த வருஷம் கார்த்திகை தீபத்தன்று கடையில் வேலை செய்கிற பெண் பிரசவத்துக்காகத் தாய்வீடு போயிருந்தாள். தீபத்தன்று எங்கள் கடையில் நிற்க நேரம் இருக்காது. சித்தி வந்தே தீர வேண்டும் என்று சித்தப்பா சொல்லிவிட்டார். நானும் போனேன். கிளம்பும்போது சித்தி சரக்கு அறை வாசலில் நின்றாள். உள்ளே லட்சுமி படத்தின் முன்னால் ஒரு அகல் எரிந்துகொண்டிருந்தது. விடியற்காலையில் கோயிலில் பரணி தீபம் ஏற்றும்போது அதை ஏற்றி, சாயங்காலம் வரைக்கும் எண்ணெய் விட்டுக் காப்பாற்றுவது அம்மாவின் வழக்கம். மற்ற வருஷங்களில் சித்தி பக்கத்திலேயே இருப்பாள். ஆறு மணிக்கு மலைமேல் தீபம் ஏறும்போது வீட்டில் மற்றவர்கள் மொட்டைமாடிக்குப் போய்விடுவார்கள்.

"அக்கா, நீங்க மாடிக்குப் போறதுக்கு முன்னாடி இத..." என்று சித்தி ஆரம்பித்தாள்.

"இன்னிக்கு ஒரு நாளாவது அந்த வார்த்தைய சொல்லாதம்மா. உனக்குப் புண்ணியமாப் போவும்" என்று அம்மா கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டாள்.

சித்தி எரிகிற அகலை ஒரு முறை பார்த்தாள். பிறகு, வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அந்தச் சொல்லை விட்டுக்கொடுத்தாள். "சரிக்கா. மாடிக்குப் போறதுக்கு முன்னாடி இத மலையேத்திடுங்க."

அம்மாவுக்கு வாயெல்லாம் பல். கட்டாயம் ஏத்திடறேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறைதான்.

சாயங்காலம் பாதை முழுக்கத் தலைகள். எல்லோரும் நடையை நிறுத்திவிட்டு மலையைப் பார்த்து நின்றார்கள். ஆறு மணிக்கு உச்சியில் வெளிச்சம் தெரிந்ததும் அண்ணாமலையாருக்கு அரோகரா என்று ஊரே ஒரே குரலில் கத்தியது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினால், சித்தி மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு காதைப் பொத்தியபடி போனில் கத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, விளக்கு மலையேறிடுச்சா?"

அம்மா போனில் எப்போதும் கத்தித்தான் பேசுவாள். அந்தப் பதில் எனக்கே கேட்டது. "ஏறிடுச்சு, ஏறிடுச்சு. இப்பதான். இங்கேர்ந்து நல்லா பெருசாத் தெரியுது."

லைன் போய்விட்டது. சித்தி போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். யாரோ கற்பூரம் கேட்டார்கள். அவள் காதில் விழவில்லை.

"பாப்பா, நல்லாத் தெரியுதுன்னு சொல்றாங்க. மலையேறுன விளக்கு எப்பிடித் தெரியும்?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. அம்மா மலைமேல் ஏறிய தீபத்தைச் சொல்லியிருக்கிறாள். அகலைப் பற்றி அவளுக்கு நினைவே இல்லை. சித்தி மறுபடி போன் அடித்தாள். அவ்வளவு கூட்டத்தில் லைன் கிடைக்கவில்லை. கல்லாவில் இருந்த சித்தப்பாவிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் கடைக்கு வெளியே இறங்கினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

எங்கள் வீடு பாதையில் கொஞ்ச தூரம் பின்னால் போய், ஒரு சந்தில் திரும்பினால் வந்துவிடும். மற்ற நாளில் ஐந்து நிமிஷம்கூட ஆகாது. ஆனால் மலையை இடமிருந்து வலமாகச் சுற்றுகிற அத்தனை ஜனமும் எங்களுக்கு எதிரே வந்துகொண்டிருந்தது. கிரிவலத்தில் யாரும் எதிர்த்திசையில் நடக்க மாட்டார்கள். "அம்மா, இப்பிடிச் சுத்தக்கூடாதும்மா, பாவம்" என்று ஒரு பெரியவர் தடுத்தார். "நான் சுத்தல சார். வூட்டுக்குப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே சித்தி தோளால் இடித்துக்கொண்டு போனாள். நெருப்பு என்ற சொல் என் வாய்வரை வந்துவிட்டது. சித்தி திரும்பி என் கையை அழுத்தினாள். "வாயத் தெறக்காத. இத்தன கூட்டம் ஓடுச்சுன்னா மிதிபட்டுச் செத்துடுவாங்க." பிறகு எதிரே வந்தவர்களிடம் சாதாரணமான குரலில் கேட்டாள். "வூட்ல ஆளுக்கு மாத்திரை குடுக்கணும், கொஞ்சம் வழி வுடுங்க. மாத்திரை குடுக்கணும்." வழி கிடைத்தது.

வீட்டு வாசலில் நிற்கும்போதே கண் எரிந்தது. கூடத்தில் புகை மேலே கூரையை ஒட்டித் தவழ்ந்துகொண்டிருந்தது. சரக்கு அறைக்குள் பாக்குமட்டைக் கட்டு சடசடவென்று எரிகிற சத்தம். மொட்டைமாடியிலிருந்து அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் பேசிச் சிரிப்பது கேட்டது. நான் மணல் வாளியைத் தூக்கப் போனேன். சித்தி என் தலைமுடியைப் பிடித்து இழுக்காத குறையாக இழுத்தாள்.

"மொதல்ல மாமா."

போகிற போக்கில் சரக்கு அறைக் கதவை இழுத்துச் சாத்தினாள். அப்பாவின் அறைக்குள் குனிந்தபடி போனோம். அப்பா விழித்துக்கொண்டிருந்தார். புகை தெரிந்திருக்கிறது, கூப்பிட்டும் பார்த்திருக்கிறார், அரோகரா சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போயிருந்தது. "வந்துட்டேன் மாமா. வெயில் காட்டப் போறோம், அவ்ளோதான்" என்றாள் சித்தி. நான் வாசல் கதவுக்குப் பின்னாலிருந்த பலகையைப் படியின்மேல் போட்டேன். சித்தி கட்டிலைத் தள்ளினாள். சக்கரம் தடதடவென்று கூடத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, தெருவுக்கு வந்து நின்றது. நான் அழுதுகொண்டிருந்தேன். எப்போது ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

"அழுறத அப்பால அழுவலாம். பள்ளிக்கூடத்துக்கிட்ட ஃபயர் வண்டி நிக்குது. ஓடு."

அந்த வண்டி அங்கே நிற்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். காலையிலேயே போய்ப் பார்த்து, அதிலிருந்தவர்களுக்குச் சுண்டல் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். நான் சொன்னதும் இரண்டு பேர் சிவப்பு சிலிண்டர்களைத் தோளில் போட்டுக்கொண்டு என்னோடு ஓடிவந்தார்கள். நாங்கள் வந்தபோது மாடியில் இருந்தவர்களைத் தெருவுக்கு வரவைத்து, மெயின் சுவிட்சை இறக்கி, கேஸ் சிலிண்டரை உருட்டி வெளியே கொண்டுவந்து வைத்துவிட்டு, ஈரக் கோணியைச் சரக்கு அறைக் கதவின் அடியில் திணித்துக்கொண்டிருந்தாள் சித்தி. உதவிக்கு ஓடிவந்த தெரு ஆட்கள் கதவைத் திறந்து தண்ணீர் ஊற்றத் துடித்தார்கள். அவள் கதவுக்குக் குறுக்கே நின்று ஒருவரையும் விடவில்லை. சுற்றிலும் அத்தனை சத்தம், அவள் மட்டும் சத்தம் போடவில்லை.

பாதிச் சரக்கு போனது. ஒரு ஜன்னல் போனது. சுவர் கருகி, உத்தரத்தின் ஒரு முனை கரியானது. கற்பூரப் பெட்டிகள் அடுக்கியிருந்த எதிர்ச்சுவருக்கு வருவதற்குள் நின்றுவிட்டது. அங்கே வந்திருந்தால் வீடு நின்றிருக்காது என்றார் வந்தவர்களில் ஒருவர். அகலில் எரிந்துகொண்டிருந்த திரியை எலி பாக்குமட்டைக் கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அம்மா தெருவில் அப்பாவின் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் மலையேத்தல. மறந்துட்டேன். நீ போன்ல கேட்டப்பக்கூட எனக்கு மலைதான் ஞாபகம்."

"நான்தான்க்கா சரியா கேக்கல" என்றாள் சித்தி. அம்மாவின் முந்தானையை எடுத்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். சித்தியின் கை முழுக்கக் கரி. துடைத்ததில் அம்மா முகமெல்லாம் கரியானது. அப்பா அதைப் பார்த்துச் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். தெருவில் நின்றிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள்.

சுவருக்கு வெள்ளையடிப்பதற்கு முன்பே அம்மா மிச்சமிருந்த பெட்டிகளைத் தன் தலையில் வைத்துக் கொட்டகைக்குச் சுமந்தாள். யாரும் சொல்லி அல்ல, அவளாகவே. லட்சுமி படத்தையும் எடுத்துக்கொண்டு போய் அங்கேயே மாட்டினாள். அப்பாவின் கட்டில் கூடத்துக்கு வந்தது. அம்மா பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை. வருகிறவர்களெல்லாம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டினார்கள், பஞ்சாயத்துக் கதை சொன்னார்கள். மூலையறையில் கிடந்தபோது மாசம் முழுக்கப் பேசாத பேச்சை அப்பா ஒரே நாளில் பேசினார். குழறல்கூடக் கொஞ்சம் கம்மியானது.

அம்மாவுக்கு அந்தச் சொல்தான் வரவில்லை. வர வேண்டும் என்று அவளே முடிவு செய்திருந்தாள். "விளக்க குளிர வெச்... அதான், இது பண்ணிட்டேன்" என்பாள். சித்தி வேண்டுமென்றே, "எது பண்ணீங்க?" என்று கேட்பாள். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "அணைச்சிட்டேன். போதுமா? தொட்டும் பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு நேரே சாமி அறைக்குப் போவாள். சித்தி என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள். எனக்கு அந்த இரண்டு பேர்மேலும் அப்போது வந்த பிரியத்தைச் சொல்லி முடியாது.

சித்தி இப்போது ஓசூரில் மகளோடு இருக்கிறாள். அடுக்குமாடி. போன முதல் நாளே லிஃப்டில் ஏற மாட்டேன், படிக்கட்டு எங்கே என்று கேட்டு, காவலாளியைக் கூட்டிக்கொண்டு அத்தனை மாடியும் ஏறி இறங்கினாளாம். படிக்கட்டில் சைக்கிளும் பழைய சோபாவும் போட்டு வைத்திருந்தவர்களெல்லாம் இப்போது அவளைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள் என்று தங்கச்சி புலம்புகிறாள். கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் அவளை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது தீப்பிடித்ததற்கு அடுத்த வருஷத் தீபம்தான். அன்று சாயங்காலம் கூடத்தில் ஏற்றுவதற்காக அகல்களை வரிசையாக வைத்து, எண்ணெய் ஊற்றி, திரி போட்டுவிட்டு, சித்தி அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நாங்கள் மாடிக்குப் படியேற ஆரம்பித்தோம். அம்மா மட்டும் நின்றாள்.

"நீ எழுந்திரு."

"ஏன்க்கா?"

"மேல போ. நான் இங்க ஒக்காந்துக்கறேன்."

"வருஷா வருஷம் நீங்கதான போவீங்க."

"அதான் கேக்கறேன். நீ இந்த வூட்டுக்கு வந்ததுலேர்ந்து எந்த வருஷம் மேல வந்த?"

சித்தி ஒரு அகலின் திரியை நிமிர்த்தினாள். நான் படியில் நின்று யோசித்துப் பார்த்தேன். ஒரு வருஷமும் இல்லை. ஊர் முழுக்க வீட்டை விட்டுவிட்டு மாடிக்கு ஓடுகிற நேரம் அது. அந்த நேரத்தில் வீட்டோடு இருக்க ஒரு ஆள் வேண்டும் என்று சித்தி இருந்திருக்கிறாள். மலை அடிவாரத்தில் அத்தனை வருஷம் வாழ்ந்தவளைப் பற்றி எங்கள் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. போன வருஷம் பாதையிலேயே நின்றிருந்தும், முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"எரியிறத பாத்திருக்கேனேக்கா. பதினோரு நாளும் எரியுதே" என்றாள் சித்தி மெதுவாக. "ஏத்துறததான் பாத்ததில்ல."

அம்மா அவள் கையைப் பிடித்து எழுப்பினாள். அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டாள். அப்பா நல்ல கையை ஆட்டிப் போ போ என்றார்.

மாடியில் சித்தி கைப்பிடிச்சுவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாகும் என்று என்னிடம் கேட்டாள். கீழே போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று திரும்பினாள். நான் அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இருட்டிக்கொண்டு வந்தது. மலை உச்சியில் ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தது, அது தடுமாறி, பெரிதாகி, நிமிர்ந்து நின்றது. சுற்றிலும் எல்லா மாடியிலும் அரோகரா. சித்தி கும்பிடவில்லை, கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எரியட்டும் பாப்பா" என்றாள். "நல்லா எரியட்டும்."

கீழே அம்மா அகல்களை ஒவ்வொன்றாக ஏற்றும் வெளிச்சம் வாசல் வழியே தெருவில் விழுந்தது. வழக்கம்போல எல்லோரும் கொழுக்கட்டைக்கும் பொரி உருண்டைக்கும் இறங்கிப் போனார்கள். சித்தி இறங்கவில்லை.